இருந்துக்கட்டுங்களா

கடைக்குப் போய்த் திரும்பிய கோகிலவாணி வாசலில் விட்ட செருப்பு, பத்து நிமிடத்தில் சுவரோரமாக ஒதுங்கியிருந்தது. இன்னும் நாலு பேர் செருப்பு விட இடம் வேண்டுமென்று யாரோ காலால் தள்ளி வைத்தது மாதிரி. மூன்றாவது மாடியில் எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. மகள் கனிஷ்கா கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். காற்றாக இருக்கும் என்று கோகிலவாணி சமாதானம் செய்துகொண்டாள். செருப்பைச் சுவரோரம் ஒதுக்கி வைக்கிற காற்று உக்கடத்தில் அடிப்பதில்லை என்று அவளுக்கே தெரியும்.

ஆனால் அவள் கவலை வேறு. போக்கியத்துக்கு எடுத்த இந்த ஃபிளாட்டின் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. கணவன் அருள்குமாருக்கு வால்பாறையில் எஸ்டேட் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் முகத்தைப் பார்க்க முடியும். பிள்ளைக்கு ஏழு வயதாவதற்குள் வீடு வீடாக மாறி அலுத்தாகிவிட்டது. இன்னொரு முறை மூட்டை கட்டச் சொன்னால் நான் மனுசியாக இருக்க மாட்டேன் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். வீட்டுக்காரர் வரதராஜுலுவுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, நாங்க இன்னும் கொஞ்ச காலம் இங்கியே இருந்துக்கட்டுங்களா?"

"இருங்க அம்மணி. யாரு வேண்டாம்னாங்க. வர்ற வாரம் லீசை நீட்டி எழுதிப்போடலாம்."

சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அந்நேரம் பார்த்து மழை பிடித்தது, கரண்டும் போனது. உக்கடம் குளத்திலிருந்து எழுந்த பாசி வாடை சன்னல் வழியாக நுழைந்து சமையலறையெங்கும் படிய, ஓட்டைக் குழாயிலிருந்து பாத்திரத்தில் விழும் சொட்டுச் சத்தம் இருட்டில் பெரிதாகிக்கொண்டே போக, அவள் அலமாரிக்குள் கைவிட்டு மெழுகுவர்த்தியைத் துழாவினாள். பின்னாலிருந்து, பணிவாக, ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க, நாங்களும் இருந்துக்கட்டுங்களா?"

மழைக்குப் படியேறி ஒதுங்கிய யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"இருங்க, இருங்க. அதுக்கென்னங்க."

தீக்குச்சி உரசும்போதுதான் உறைத்தது. குரல் வாசல் பக்கமிருந்து வரவில்லை. படுக்கையறையிலிருந்து வந்தது.

மெழுகுவர்த்தியோடு அந்த அறை வாசலில் நின்றாள். வெளிச்சத்தில் கட்டிலும் சுவரும்தான் தெரிந்தன. ஆனால் வளையல் உரசியது. யாரோ முந்தானைக்குள் இருமினார்கள். அப்பாடா என்று கால் நீட்டி உட்காரும் பெருமூச்சு, ஒன்றல்ல, பல. வெளியே போ என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். வீட்டுக்கு வந்தவர்களை ஒருநாளும் அப்படிச் சொல்லிப் பழகாத நாக்கு.

"போயிட்டு வாங்க."

"சரிங்க. வாரோமுங்க."

ஈரமான சேலைத் தலைப்பு ஒன்று அவள் கணுக்காலை உரசிக்கொண்டு போனது. படியில் காலடிகள் இறங்கின. அவள் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். மகளை இறுக அணைத்தபடி தரையில் உட்கார்ந்தாள். போய்விட்டார்கள். சொன்னதும் போய்விட்டார்கள். நல்ல மனுசங்கதான் போலிருக்கிறது என்று நினைத்து, அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள்.

பிறகு, தான் சொன்னதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

போயிட்டு. வாங்க.

கீழே பாத்திரங்கள் மோதின. இரும்புப் பெட்டி ஒன்றை யாரோ படியில் இழுத்தார்கள். முதல் மாடி. குழந்தை அழும் சத்தம். கிழவர் ஒருவரின் கைத்தடி. இரண்டாம் மாடி. போனபோது இவ்வளவு கால்கள் இல்லை.

"அம்மா, சாமானெல்லாம் தூக்கிட்டு வர்றாங்க," என்றாள் கனிஷ்கா. பிடியிலிருந்து நழுவி எழுந்து போனாள்.

வேண்டாம் கண்ணு என்று கோகிலவாணி கை நீட்டுவதற்குள் அவள் கதவருகே போய்விட்டாள்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. வாசலில் யாருமில்லை.

"வாங்க," என்றாள் கனிஷ்கா, அண்ணாந்து பார்த்து. வழிவிட்டு ஓரடி பின்னால் வந்தாள். "வாங்க." இன்னும் ஓரடி. "வாங்க," என்று குனிந்து, தன்னைவிடச் சின்னதாக எதையோ பார்த்து. "வாங்க. வாங்க."

மெழுகுவர்த்தி அணைந்தது. வெற்றுக் கூடத்தில் நிற்க இடமில்லாமல் பிள்ளை சுவரோடு சுவராக ஒண்டினாள். அப்போதும் அவள் வாங்க சொல்லி முடிக்கவில்லை.