யசோவுக்கு விட்ட இடம்

அன்று ஜெயராணி தலையசைக்கக் கொஞ்சம் பிந்தினாள். பாட்டின் நடுவே வரும் மௌனம் முடிந்தது என்று டிரம்ஸுக்குப் பின்னால் இருந்து அவள்தான் தலையால் காட்டுவாள்; அதைப் பார்த்துத்தான் றலியா கிட்டாரைத் தொடுவாள். வழக்கத்தைவிட நீண்டுபோன அந்த மௌனத்தில், பொலித்தீன் சுற்றிய மெத்தைகளின் ரப்பர் வாசமும், தகரக் கூரையில் மழையும், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் முட்டிக்கொண்டு நின்ற பஸ்களின் ஹோர்ன் சத்தமும் மட்டுமே இருந்தன.

பள்ளிக்கூடப் பாட்டுக்குழுவில் குரல் சரியில்லை என்று கழித்துவிட்ட மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த பேண்ட் அது. தாங்கள் வாசிக்கிற ராக் இசைக்குப் போஸ்ட்-பங்க் என்று பெயர் சொன்னவள் யசோதினி. மற்ற இரண்டு பேருக்கும் சத்தமாக இருந்தால் போதும். றலியாவின் வாப்பாவுடைய மெத்தைக் கடைக்கு மேலே இருந்த ஸ்டோரில்தான் பயிற்சி. சுவர் முழுக்க மெத்தை என்பதால் உள்ளே இடி விழுந்தாலும் கீழே கேட்காது. வீட்டில் கேட்டால், கம்பியூட்டர் கிளாஸ்.

யசோ ஜன்னலோரத்து மெத்தையில் சம்மணம் போட்டுத்தான் பேஸ் கிட்டார் வாசிப்பாள். நுளம்பு கடித்து டெங்குக் காய்ச்சலோடு பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அதன் பிறகு, பாட்டில் அவள் தனியாக வாசிக்கும் இடத்தை இருவரும் வெறுமனே விட்டுவிட்டார்கள். றலியா அழவே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அந்த மௌனத்தில் மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ அசையும். அதற்காகத்தான் அவள் வந்துகொண்டிருந்தாள்.

“நம்ம கிளாஸ் ஹிதாயா பேஸ் வாசிக்கிறேங்கிறாடி. கூப்பிடுவோமா?” என்றாள் ஜெயராணி. “இந்த எடம் வரவர நீளுது. உள்ள போனா வெளிய வர முடியல. எனக்குப் பயமா இருக்கு.”

“அது யசோட இடம். ஒருத்தரும் வேணாம்.” தன் பிடிவாதம் றலியாவுக்கே தெரிந்தது. மிச்சம் இருப்பவள் ஜெயராணி ஒருத்திதான். “நீயும் போயிடாத ஜெயா.”

“எங்கடி போகப் போறேன்? சரி, இன்னொரு தடவ பாப்போம்.”

மறுபடி வாசித்தார்கள். நடுவில் நிறுத்தினார்கள். றலியா ஜெயராணியின் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அசையவில்லை. நெஞ்சுக்குள் அந்த அசைவு வந்தது, வழக்கத்தைவிடப் பெரிதாக, இதமாக. இன்னும் கொஞ்ச நேரம் நீளட்டும் என்று நினைத்தாள்.

பிறகுதான் கவனித்தாள், மழைச் சத்தம் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. பாலத்தில் பஸ்கள் நின்றன. ஒரு ஹோர்ன்கூடக் கேட்கவில்லை.

கிட்டாரைத் தட்டினாள். கம்பி துடித்தது. சத்தம் வரவில்லை. அம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜெயா என்று கூப்பிட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஜெயராணியின் குச்சிகள் இன்னும் மேலேயே இருந்தன. திறந்த கண்ணில் ஒரு நுளம்பு வந்து உட்கார்ந்தது. கண் இமைக்கவில்லை.

ஜன்னலோரத்து மெத்தையில் பொலித்தீன் சுருங்கியது. மெதுவாக. யசோ சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி ஒரு பள்ளம்.

பக்கத்தில் இன்னொன்று.

பயம் வரவேண்டும். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது; இத்தனை மாதத்தில் முதல்முறை.

றலியா நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த இரண்டு பள்ளங்களுக்குப் பக்கத்தில், அவளுக்கென்று விட்டது போல வழுவழுவென்று இருந்த மூன்றாவது இடம் மெல்ல அமுங்கத் தொடங்கியது.