தூசியில் எட்டாவது முகம்

காலையில் அவள் துடைத்துவிட்டுப் போன சுவரில், மத்தியானம் மறுபடியும் ஒரு காது இருந்தது. பார்த்தால் அவள் கைவேலை மாதிரியேதான் இருந்தது. ஆனால் அவள் வரையவில்லை.

கூடத்துச் சுவரில் ஏற்கெனவே ஏழு முகங்கள். கல் அரைக்கும் ஆலைக்கு வேலைக்குப் போய், இருமி இருமியே போய்ச் சேர்ந்த ஏழு பேர். ஆலையிலிருந்து பறந்து வந்து ஜன்னலில், பாத்திரத்தில், தலையணையில் எல்லாம் படிகிற சாம்பல் தூசியை வழித்தெடுத்து, பசை தடவிய சுவரில் அப்பி அப்பித்தான் அவர்களை வரைந்தாள். கண்ணை மட்டும் கடைசியில் வைப்பாள். உயிரோடிருக்கும் யாரையும் வரைந்ததில்லை.

மனு எழுதி எழுதி அலுத்துப்போய்த்தான் இதில் இறங்கினாள். என்ன பிரயோஜனம்! அதிகாரி வந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டே, "தத்ரூபமா இருக்கும்மா" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பத்திரிகைக்காரி வந்து, "என்ன கைங்க உங்களுக்கு!" என்று உருகினாள். அட, கையை ஏன் பார்க்கிறீங்க, தூசியைப் பாருங்களேன் என்று கத்தலாம்போல இருந்தது. ஆலை ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவள் புருஷனும் இன்னும் அங்கேதான் போகிறான். "விட்டுத் தொலைங்க" என்றால், "வேற எங்க போறது?" என்பான்.

தூரத்தில் அரவைச் சத்தம் விடாமல் உறுமிக்கொண்டிருக்க, ஜன்னலை இறுகச் சாத்தி, ஈரத்துணியின் புளித்த வாடை மூக்கில் ஏற ஏற, தோள்பட்டை கழன்றுவிடும்போல் தேய்த்தாள். ஏழு முகங்களுக்குப் பக்கத்தில், காது இருந்த இடம் மட்டும் வெளுத்தது. துணியை அலசிவிட்டுத் திரும்பினாள்.

காது. தாடை. இடது புருவம். புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

அது புருஷனின் தழும்பு.

"ஐயோ, வேண்டாம்..." நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. பெயர்ந்த பள்ளத்தில் மூக்கு எழுந்தது.

கதவு திறந்தது. வேலை முடிந்து வந்த புருஷன், செருப்பைக் கழற்றியபடியே சுவரைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே, என்னையும் வரைஞ்சிட்டியா! கண்ணு மட்டும்தான் பாக்கியா?"

"பேசாதீங்க. வாங்க, இப்பவே இந்த ஊரை விட்டுப் போயிடலாம்."

"எங்க போற..."

இருமினான். சின்ன இருமல்தான்.

சுவரில் இடது கண் திறந்தது.

அவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். அவன் நெஞ்சு குலுங்கியது. அவன் தோளுக்கு மேலே, சுவரில், வலது கண்ணின் குழிக்குள் தூசி மெல்ல வந்து சேர்ந்துகொண்டிருந்தது.