இரண்டாவது தலையிடி

காலை ஆறு மணிக்கு அறைக் கதவைத் தள்ளிய நிதுர்ஷன், உள்ளே இரண்டு பேரும் நித்திரை என்றுதான் நினைத்தான். பாயில் கிடந்த கண்ணகையின் முகத்தில் ஒரு செம்மைகூட இருந்தது. தோளைத் தொட்டான். சில்லிட்டிருந்தது. கட்டிலில் கிடந்த மனைவி தனுஷா கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆரையம்பதியில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் வீடு அது. தாயில்லாத தனுஷாவின் பிள்ளைப்பேறு பார்க்க, தன் நெஞ்சு வருத்தத்தையும் பாராமல் களுதாவளையிலிருந்து வந்து நின்றவர் பெரியம்மா கண்ணகை. வீட்டில் இன்னும் இருவர்: கத்தாரிலிருந்து லீவில் வந்த நிதுர்ஷனும், மச்சாளுக்கு ஒத்தாசைக்கு வந்த அவன் தங்கை விதுர்ஷாவும். பிறந்து இரண்டு கிழமைகூட ஆகாத பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அது விதுர்ஷாவோடு ஹோலில் படுத்திருந்தது. பொலிசாருக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான்.

எட்டு மணிக்கு எஸ்.ஐ. கோணாமலை, வைத்தியசாலை விறாந்தை வாங்கில், பிள்ளையும் கையுமாக நின்ற விதுர்ஷாவை இருத்தி விசாரணையைத் தொடங்கினார்.

"சரக்குத் தண்ணி ஆர் அவிச்ச?"

"நான்தான் சேர்."

"ஆருக்குக் குடுத்த?"

"மச்சாளுக்கு ஒரு கோப்பை. பெரியம்மாவும் கைகால் உளையுது எண்டு கேட்டவ. அவவுக்கு ஒண்டு."

"நீ குடிக்கல்ல?"

"அது மல்லி, மிளகு, இஞ்சி போட்டுப் பிள்ளைப் பெத்தவக்கு அவிக்கிற. நான் ஏன் குடிக்க?"

"பிறகு பிள்ளையத் தூக்கிற்று வெளிய வந்து கதவச் சாத்தின. அப்பிடித்தானே?"

"பிள்ளை கத்தினது சேர். மச்சாள் தலையிடி எண்டு படுத்திருந்தவ. பாவம் எண்டு தூக்கிற்று வந்த நான்."

கோணாமலை கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். ஊரும் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அண்ணன்மார் உழைத்துத் தங்கைக்கு வீடு கட்டிக்கொடுக்க வேண்டும். நிதுர்ஷனோ கத்தார் உழைப்பில் பெண்சாதியின் பழைய வீட்டுக்குச் சீலிங் அடித்து, அலுமினியக் கண்ணாடி யன்னலும் பூட்டிவிட்டான். விதுர்ஷாவின் வீடு அத்திவாரத்தோடு நின்றது. நஞ்சு வைக்க இது போதாதா என்று ஊர் கேட்டது. ஊருக்கு வாய் இருக்கிறது, கேட்கும்தான்.

உள்ளே, தனுஷாவின் கட்டிலருகே டொக்டர் நிஸ்றா நின்றிருந்தாள். ஏறாவூர்க்காரி. யார் என்ன சொன்னாலும் தானே ஒருமுறை பார்க்காமல் நம்பமாட்டாள் என்று தாதிமார் அவளைக் கேலி செய்வதுண்டு. ஒக்சிசன் முகமூடி போட்டு ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. கண்மணிகள் சுருங்கவில்லை, வாயில் நுரை இல்லை, வியர்வை இல்லை. வயலுக்கு அடிக்கும் மருந்தென்றால் இவையெல்லாம் இருந்திருக்கும். விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றொன்பது காட்டியது. குருதியில் ஒக்சிசனுக்குக் குறையே இல்லையாம். முந்தாநாளும் அது இதையேதான் சொன்னது.

முந்தாநாள். அதுதான் நிஸ்றாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அன்று தனுஷா தலையிடி, வாய்க்குமட்டல், சத்தி என்று வெளிநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தாள். சத்திரசிகிச்சையில் பிள்ளை பெற்றவள். விறைக்க முதுகில் ஊசி போட்ட தாய்மாருக்குச் சில நாள் தலையிடி வருவது வழமை. எழும்பினால் கூடும், படுத்தால் குறையும். நிஸ்றா கேள்வியை முடிக்குமுன்பே விடையை எடுத்து வைத்துவிட்டாள்.

"படுத்தாத்தான் டொக்டர் கூடுது" என்று தனுஷா சொன்னாள்.

நித்திரைக் குறைவு என்று நிஸ்றா நினைத்துக்கொண்டாள். வெளியே நூறு பேர் வரிசையில் நின்றார்கள். மருந்து வர முன்பே, காற்றோட்டமான விறாந்தை வாங்கில் இருந்த தனுஷாவுக்குத் தலை தெளிந்துவிட்டது. கூட வந்த கண்ணகை சிரித்துக்கொண்டு கை நீட்டினார்: "எனக்கும் ரெண்டு பனடோல் தாங்க மகள். கண்முழிச்சு எனக்கும் மண்டை வெடிக்குது." அவர் பதிவுத் துண்டு எடுத்திருக்கவில்லை. துண்டு இல்லாதவர் நோயாளி இல்லை. தனுஷாவின் பக்கற்றிலேயே இன்னும் இரண்டைப் போட்டுக் கொடுத்தாள் நிஸ்றா.

பத்து மணிக்குத் தனுஷா கண் திறந்தாள். சுற்றிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா எங்க?" என்றாள்.

நிஸ்றா முகமூடியைச் சரிசெய்துவிட்டு வேறொன்றைக் கேட்டாள்.

"ராவு சரக்குத் தண்ணி குடிச்சீங்களா தனுஷா?"

"இல்ல டொக்டர். சத்தி வாற மாதிரி இருந்த. அப்பிடியே வைச்ச நான்."

நிஸ்றா உடனே தாதியைக் கூப்பிட்டாள். பிறகு தனுஷாவின் குருதியை எடுத்து, அவளையும் அதையும் அம்பியூலன்சில் நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாள். என்ன தேட வேண்டும் என்பதைத் தொலைபேசியில் இரண்டு தரம் சொன்னாள். ஒக்சிசனைக் கழற்றவே கூடாது என்பதை மூன்று தரம் சொன்னாள்.

விறாந்தையில் நிதுர்ஷன் பார்த்திருக்க, கோணாமலை விதுர்ஷாவை ஜீப்பில் ஏற்ற நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க சேர். அந்த அறையப் பாக்கணும். இவங்களும் வரட்டும்" என்றாள் நிஸ்றா.

வெளியே மாரி மழை. அறை வாசலில் காவல் நின்ற பொலிஸ்காரர் விலகினார். வெள்ளைச் சீலிங், ஒரு பொட்டு வெளிச்சமும் நுழையாத பொருத்து. கண்ணாடி யன்னல் இறுக மூடியிருந்தது. அதன் அடியில் பழஞ்சீலை அடைத்திருந்தது, கதவின் கீழ் அடைத்தது காலையில் தள்ளுப்பட்டுக் கிடந்தது. பிள்ளைப் பெற்றவளுக்குக் குளிர்காற்று படக்கூடாது. கட்டிலருகே கோப்பை நிறையச் சரக்குத் தண்ணீர், ஆடை கட்டி. பாய்க்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டி. உள்ளே சாம்பல்.

"இது?"

"நெருப்புச் சட்டி டொக்டர்" என்றான் நிதுர்ஷன். "சிரட்டைக்கரித் தணல், மேல கொஞ்சம் சாம்பிராணி. மழை துடங்கின நாளிலயிருந்து பெரியம்மா ஒவ்வொரு ராவும் வைக்கிறவ. எல்லாரும் வைக்கிறதுதானே? தனுஷா பிறக்கக்குள்ளயும் இதே அறையிலதான் வைச்ச எண்டு பெரியம்மா சொன்னவ. ஒண்டும் நடக்கல்ல."

"அப்ப இந்த அறைக்குச் சீலிங் இருந்ததா?"

"இல்ல. வெறும் ஓடு…"

அவன் மேலே பார்த்தான். பார்த்த கண்ணைக் கீழே இறக்கவில்லை.

நிஸ்றாவின் தொலைபேசி அடித்தது. கேட்டாள், வைத்தாள். அவள் தேடச் சொன்னது தனுஷாவின் குருதியில் இருந்தது.

"சேர், நஞ்சு கோப்பையில இல்ல. கோப்பை நிறைய இருக்கு, தனுஷா வாயிலயே வைக்கல்ல. அப்பிடியும் விழுந்தவ. ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது இந்தக் காத்துத்தான். மூடின அறையில தணல் எரிஞ்சா காபனோரொட்சைட்டு எண்ட நச்சு வாயு வரும். மணமில்ல, புகையில்ல. ஓட்டு இடுக்கால முந்தி அது வெளிய போயிரும். இப்ப போக வழியில்ல. கண்ணகையம்மா நெஞ்சு வருத்தக்காரி, தாங்கல்ல. விதுர்ஷா பிள்ளைய வெளிய கொண்டு போகல்லயெண்டா அதுவும் இண்டைக்கு இல்ல."

விதுர்ஷா பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டு விம்மி அழத் தொடங்கினாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை.

"உங்கட விரல் மிஷின் நல்லாயிருக்கெண்டல்லவா காட்டின?" என்றார் கோணாமலை.

"அதுக்கு இந்த வாயுவும் ஒக்சிசனும் ஒண்டுதான் சேர். இரத்தம் சிவப்பா இருந்தா நல்லதெண்டு சொல்லும்."

"அப்ப நான்தான் பெரியம்மாவச் சாகடிச்ச நானா டொக்டர்?" என்றான் நிதுர்ஷன். "குளிர் படாம, தூசு படாம இருக்கட்டும் எண்டு அவளுக்காகப் பாத்துப் பாத்துச் செஞ்ச அறை."

"இல்ல தம்பி. உங்களுக்குத் தெரியாது. கண்ணகையம்மாக்கும் தெரியாது." நிஸ்றா நிறுத்தினாள். சொல்லாமல் போயிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. "எனக்குத் தெரிஞ்சிருக்கணும். முந்தாநாள் ரெண்டு பேரும் ஒரே தலையிடியோட எனக்கு முன்னால இருந்தவங்க. தனுஷாவுக்கு முதுகில ஊசி போட்டாங்க எண்டு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பின நான். கண்ணகையம்மாவுக்கு ஆர் ஊசி போட்ட? அதக் கேட்டிருந்தா அண்டைக்கே இந்தச் சட்டி வெளிய போயிருக்கும்."

கோணாமலை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். விதுர்ஷாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வெளியே போய் ஜீப்பில் ஏறினார்.

நிஸ்றா சீலையை உருவி எறிந்துவிட்டு யன்னலைத் திறந்தாள். வாவிக் காற்று மழைத் தூவானத்தோடு உள்ளே வந்தது. யன்னல் விளிம்பில் அவள் கொடுத்த பனடோல் பக்கற் இருந்தது. இரண்டு குளிசை மிச்சம். மேலே அவளுடைய கையெழுத்தில் பெயர் எழுதியிருந்தது: தனுஷா.

கண்ணகையின் பெயரை அவள் எங்கும் எழுதியிருக்கவில்லை.