தூக்க முடியாத ஆள்

அந்தத் தெருவில் நின்றிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுந்தார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் கொஞ்சம் பிந்தி எழுந்தான்.

பிந்தி என்றால் கண்ணை மூடித் திறக்கும் நேரம்கூட இல்லை. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவளுக்கு அதுதான் வேலை. சீக்கிரம் வெளிவரப்போகிற ஒரு வீடியோ கேமில் எந்தப் பொருள் எவ்வளவு கனம், தூக்கினால் எப்படி எழும்பும், விட்டால் எப்படி விழும் என்று நாள் முழுக்கத் தூக்கியும் போட்டும் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கேமின் கதை என்னவோ எதிர்காலத்து நகரம் ஒன்றில் நடக்கிறது. நாயகன் உள்ளங்கையை உயர்த்தினால் போதும். கார், லாரி, மனிதர்கள் எதுவானாலும் எழும்பும். ஆனால் கனத்துக்குத் தக்கபடி அவன் சக்தி செலவாகும், திரையின் ஓரத்தில் ஒரு நீலப்பட்டை குறையும். காலி டிரம் சட்டென்று எழும்பும். தண்ணீர் நிரம்பிய டிரம் தளும்பித் தளும்பி, ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு எழும்பும். கையில் இருப்பது மட்டும்தான் மாயம், மற்றதெல்லாம் அச்சு அசல் நிஜம் என்பதில் அந்தக் கம்பெனிக்கு அத்தனை பெருமை.

அவள் இன்னொரு முறை நாயகனின் கையை உயர்த்தினாள். கூட்டம் எழுந்தது. சாம்பல் நிறச் சட்டை போட்ட அந்த ஆள் பிந்தி எழுந்தான். முன்பக்கமாகக் குனிந்தபடி எழுந்தான்.

அந்த ஆள் அவளுடைய கணவன்.

தெருக்கூட்டத்துக்கு ஆட்கள் வேண்டுமென்று வேலை செய்கிறவர்களின் குடும்பத்தாரையே வரவழைத்திருந்தார்கள். சுற்றிலும் கேமராக்கள் நிற்கிற ஒரு சின்ன அறையில், எடைத்தட்டின்மேல் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் ஆளின் உருவம், எலும்பின் நீளம், கனம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் காலையெல்லாம் வேலை பார்த்துவிட்டு, கிரீஸ் வாசனையோடு நேராக வந்து நின்றான். "நான் ஹீரோவா, வில்லனா?" என்று கேட்டான். "ரோட்டுல சும்மா நிக்கிற ஆளு" என்று அவள் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

இந்தக் கனக் கணக்கு முழுவதையும் எழுதிய புரோகிராமர் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். தடிமனான கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள்.

"கண்ணாடி, கொஞ்சம் வாங்களேன். என் வீட்டுக்காரர் எழும்ப மாட்டேங்கிறார்."

"அலாரம் வெச்சுப் பாத்தீங்களா?"

"விளையாடாதீங்க. பக்கத்துல நிக்கிறவர் இவரைவிடக் குண்டு. அவரைத் தூக்கினா பட்டை இத்தனூண்டு குறையுது. இவரைத் தூக்கினா பாதி காலி. இவர் ஒரு ஆளா, ரெண்டு ஆளா?"

கண்ணாடி குனிந்து பார்த்தார். அவருடைய கணக்கில் பிழை என்றால் அவருக்குச் சோறு இறங்காது. கீபோர்டில் எதையோ தட்டினார். திரை சாம்பலாக மாறி, எங்கெல்லாம் ஒன்றை ஒன்று தொடுகிறதோ அங்கெல்லாம் மஞ்சள் புள்ளிகள் மினுங்கின. தெருவில் நிற்கிறவர்களுக்குக் காலடியில் மட்டும் புள்ளிகள்.

அவள் கணவனுக்குக் காலடியிலும் இருந்தன. அதோடு இடுப்பைச் சுற்றி ஒரு வரிசை. இரண்டு தோளிலும் ஒவ்வொரு கொத்து. பிடரியில் ஒன்று.

உப்புமூட்டை ஏறியிருக்கிற குழந்தை கால்களால் இடுப்பைக் கவ்வி, தோளைப் பிடித்து, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்ளுமே, அப்படித்தான் இருந்தது. குழந்தையின் கைகால் இத்தனை நீளம் இருக்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

"டேட்டா குப்பை," என்றார் கண்ணாடி. "ரிலீஸ் முடிஞ்சு பாத்துக்கலாம். அந்த ஆளை எடுத்துடுங்க." தன் மேஜைக்குப் போனவர் அன்று திரும்பி அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததுமே வலித் தைலத்தின் வாடை மூக்கில் ஏறியது. கணவன் சோபாவில் குப்புறப் படுத்திருந்தான். நாலு வயது மகள் தரையில் உட்கார்ந்து கலர் பென்சில்களை நீளவாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"முதுகு வலி இன்னும் விடலையாங்க?"

"எங்க விடுது? பாறாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு." அவன் தலையணைக்குள் பேசினான். "இதுல இன்னொரு கூத்தைக் கேளு. இன்னிக்கு ஒரு லிஃப்ட். எட்டுப் பேர் போற லிஃப்ட். உள்ள ஏழு பேர்தான். நான் எட்டாவது ஆளா ஏறினதும் ஓவர்லோடுன்னு கத்துது. நான் இறங்கிட்டு வேற ஒருத்தர் ஏறினா நிக்குது. எல்லாரும் என் தொப்பையைப் பாத்துச் சிரிக்கிறாங்க."

அவளால் சிரிக்க முடியவில்லை. சோபாவைப் பார்த்தாள். அவன் படுத்திருந்த இடம் சட்டத்தில் இடிக்கிற அளவுக்குக் குழிந்திருந்தது.

"குட்டி," என்று மகளைக் கூப்பிட்டாள். "அப்பா முதுகுல ஏறி மிதிச்சு விடேன். அப்பாவுக்கு வலிக்குதாம்."

முன்பெல்லாம் அதற்காகவே காத்துக்கிடக்கிற குழந்தை. இப்போது பென்சிலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "முடியாது. அங்க இடம் இல்ல."

சனிக்கிழமை மத்தியானம் அவள் அலுவலகத்துக்குப் போனாள். ரிலீஸ் நெருக்கடியில் வாரம் முழுக்க உழைத்தவர்களுக்கு அன்று விடுமுறை. வாசல் காவலாளியைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை. வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில். ஆனால் சோதனை அறையின் சன்னல்களில் எப்போதும் கறுப்புத் திரை. உள்ளே நுழைந்தால் எந்த நேரமென்றே தெரியாது. சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை, காலுக்குக் கீழே அமுங்குகிற கம்பளம், சுவருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயில் எப்போதாவது ஒரு முக்கல்.

அந்த ஆளை எடுத்துவிடச் சொன்னார் கண்ணாடி. எடுத்துவிட்டால் அவனோடு சேர்த்து எதை எடுப்போம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் மற்ற எல்லோரையும் எடுத்தாள். கார்களை எடுத்தாள். காற்றின் ஓசையை நிறுத்தினாள். நீண்ட, ஈரமான, வெறும் தெரு. நடுவில் அவன் மட்டும், அவள் வாங்கிக்கொடுத்த சாம்பல் சட்டையில், கொஞ்சம் குனிந்து நின்றான். மஞ்சள் புள்ளிகளைத் தெரிய வைத்தாள்.

பிடரியில் இருந்த புள்ளி இப்போது காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவனைத் தூக்கிச் சுவரில் அடித்தால் அது விழக்கூடும். அதற்கு மனசு வரவில்லை. அது அவன் முகம். மெதுவாகத் தூக்கி, உதறினாள். அவன் கைகால்கள் துணி போல ஆடின. செருப்பு ஒன்று கழன்று தெருவில் விழுந்து, இரண்டு முறை எகிறி, அடங்கியது. புள்ளிகள் நழுவவில்லை. இன்னும் நெருங்கி ஒட்டின. இறுக்கிப் பிடிக்கிறது.

கீழே இறக்கினாள். உள்ளங்கை வியர்த்துக் கன்ட்ரோலர் வழுக்கியது. வேறொன்று தோன்றியது. அவனை விட்டுவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லாத இடத்தில் குறிவைத்தாள். வெறும் காற்றைத் தூக்க முடியாது. கம்ப்யூட்டர் மறுக்க வேண்டும்.

மறுக்கவில்லை. பிடி கிடைத்தது.

இழுத்தாள். நீலப்பட்டை சரசரவென்று இறங்கியது. கன்ட்ரோலர் கைக்குள் அதிர்ந்தது. கட்டை விரல் வலித்தது. இடுப்பைச் சுற்றியிருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தோளில் ஒரு கொத்து விட்டது. மறுகொத்து கழுத்துக்குத் தாவியது. அவன் தலை பின்னால் வளைந்தது.

"விடு," என்றாள் வாய்விட்டு. "அவரை விடு. விட்டுடு."

இழுத்தாள்.

கடைசிப் புள்ளி அணைந்தது.

அவன் நிமிர்ந்தான். தோள்கள் அகன்றன. ஒட்டுமொத்தத் தெருவிலும் அவன் காலடியில் மட்டும் மஞ்சள். அவள் மூச்சை விட்டாள். பட்டை தீர்ந்து நாயகனின் கை தானாகத் தாழ்ந்தது.

அவனுக்குப் பின்னால், ஈரத் தரையில், புள்ளிகள் விழுந்தன.

இரண்டு பாதங்கள். நீளமானவை. அவை அங்கேயே நின்றன. பிறகு ஒன்று அணைந்தது. கொஞ்சம் முன்னால் எரிந்தது. மற்றது அணைந்தது. எரிந்தது. அவனைத் தாண்டி வந்தது. நாயகனைத் தாண்டி வந்தது. திரையைப் பார்த்து வந்தது. அவசரமே இல்லாமல். திரையின் கீழ் ஓரம் வரை. அதற்கு மேல் தெரு இல்லை.

அவள் கம்ப்யூட்டருக்குப் போகிற மின்சாரத்தையே நிறுத்தினாள்.

இருட்டு. மூச்சுச் சத்தம். தன்னுடையதுதான். அடக்கிப் பார்த்தாள்; நின்றது. தோளில் ஏதாவது விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. எழுந்து கேமரா அறைக்குப் போய் எடைத்தட்டில் ஏறினாள். எப்போதும் உள்ள எடைதான். இறங்கி மறுபடி ஏறினாள். அதே எடை. தட்டின்மேல் நின்றபடியே அழுதாள்.

செல்போன் அடித்தது. கணவன்.

"எங்க இருக்கே? முதுகு வலி போன இடம் தெரியலம்மா! தூங்கி எழுந்தேன், பஞ்சு மாதிரி இருக்கு. மூட்டையை இறக்கி வெச்ச மாதிரி. குட்டி தூங்கி வழிஞ்சுக்கிட்டு இருந்தா, பார்க்குக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். நேரா இங்க வந்துடு."

"நிஜமாவா? வலியே இல்லையா?"

"ஓடிக் காட்டவா?"

பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வெயில் தணிந்து தெருவெல்லாம் மஞ்சளாக இருந்தது. ஒரு ஆள் ஐஸ் வாங்கிக்கொண்டு நின்றான், ஒரு நாய் நிழலில் கால் நீட்டிப் படுத்திருந்தது, எல்லாம் அதனதன் கனத்தில் இருந்தன. பார்க் வாசலில் இறங்கும்போதே கணவனின் சிரிப்புக் கேட்டது. எத்தனை நாளாயிற்று அவன் அப்படிச் சிரித்து. அவளும் சிரித்துக்கொண்டே, புல்லைத் தாண்டி, குழந்தைகள் விளையாடுகிற மணல் பக்கம் வேகமாக நடந்தாள்.

"இங்க பாரு! இங்க வந்து பாரு! உன் பொண்ணு என்னைத் தூக்கிட்டா!"

மேலும் கீழும் ஆடுகிற சீசாப் பலகையின் ஒரு முனையில் அவன் உட்கார்ந்திருந்தான். உயரத்தில். தொப்பையும் கனத்த தொடைகளுமாக, இரண்டு கால்களையும் காற்றில் ஆட்டிக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தான். "இறங்க மாட்டேங்குது பாரேன்! எங்கயோ சிக்கியிருக்கு போல!" எம்பி எம்பித் தன் பக்கத்தை அமுக்கினான். பலகை முனகியது. இம்மிகூடத் தாழவில்லை.

மறுமுனை தரையில் இருந்தது. மகள் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. யாருக்கோ முகம் வைத்துக்கொள்ள இடம் விட்டதுபோல. கவுனின் இரண்டு தோளிலும் துணி கொத்தாக அமுங்கி, ஐந்தைந்து மடிப்பாக மடிந்திருந்தது. கண்கள் மட்டும் மெல்ல நகர்ந்து அம்மாவிடம் வந்தன.

அவன் மேலே சிரித்துக்கொண்டே இருந்தான். கீழே பலகை மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் செருப்பு மறைந்தது. கணுக்கால் மறைந்தது.