துடைத்த இடம்

சோபாவுக்குப் பின்னால் இருந்த ஈரம் காலையில் துடைத்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தது. மதியம் பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு வந்து பார்த்தபோது அது மறுபடியும் அதே இடத்தில், அதே பளபளப்போடு, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தது. கூடவே அந்த வாடை. நனைந்த நாய் முடி, பழைய மூத்திரம், அதற்கும் அடியில் பச்சை இறைச்சி மாதிரி ஏதோ ஒன்று. இந்த வீட்டுக்குக் குடிவந்து நாற்பது நாளாகிறது. நாற்பது நாளும் அவள் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். இத்தனைக்கும் அவர்கள் நாய் வளர்க்கவில்லை.

"முன்னாடி குடியிருந்தவங்க ஒரு நாய் வச்சிருந்தாங்கம்மா, மடியில வச்சுக்கற சைஸ். அந்த வாடைதான் ஊறிக் கெடக்கு. லோஷன் போட்டுத் தொடைங்க, போயிடும்" என்று வீட்டுக்கார அம்மா கைகழுவிவிட்டார். காலையில் போனால் இரவு வீடு திரும்பும் கணவனுக்கோ இது சிரிப்பு. "உன்னைப் போலீஸ்ல சேத்துவிட்டா அவங்களுக்கு மோப்ப நாயே தேவையில்ல." மூன்று வயதுப் பாப்பாவுக்கு ஓயாத சளி, மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும். ஆக, அந்த வீட்டில் மூக்கு என்ற ஒன்று அவளுக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது. கடையில் இருப்பதிலேயே காரமான அம்மோனியா லோஷனை வாங்கிவந்து தினம் இரண்டு வேளை தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வாடை கூடியது. பாப்பா உருண்டு புரண்டு விளையாடுகிற தரையாயிற்றே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அதனால்தான் இன்றைக்கு ஆள் வரச் சொல்லியிருந்தாள். நாய், பூனை வைத்த கறைகளை எடுப்பதே அவருக்குத் தொழில். நரைத்த மீசை, முழங்கால் தேய்ந்த பேன்ட். வந்ததும் ஜன்னல்களில் கறுப்புத் துணியை மாட்டிப் பட்டப்பகலை இருட்டாக்கினார். கையடக்கமான ஊதா விளக்கு ஒன்றைப் போட்டார்.

"கண்ணுக்குத் தெரியாத கறைகூட இதுல மின்னும்மா. நான் சாக்பீஸால வட்டம் போட்டுக்கிட்டே வரேன். அப்புறம் அந்த வட்டத்துல மட்டும் மருந்தடிச்சா போதும்."

சமையலறை மூலையில் பச்சையும் மஞ்சளுமாகப் பொட்டுப் பொட்டாய் மின்னியது.

"இது அந்தச் சின்ன நாய். மூலையில ஒடுங்கி உக்காந்த எடத்துலயே போயிருக்கு. பயத்துல போனா இப்படித்தான் இருக்கும்."

"எதைப் பாத்துப் பயம், அண்ணே?"

அவர் எழுந்து ஹாலுக்கு வந்தார். விளக்கு சோபாவுக்குப் பின்னால் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு கறை. இடுப்பு உயரத்தில் ஒன்று. கடைசி வட்டம் போட அவர் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது.

"அந்த நாய் எவ்ளோ பெருசுன்னு சொன்னீங்க?"

"மடியில வச்சுக்கற சைஸாம்."

"இது காலைத் தூக்கி அடிச்சதும்மா."

 அவர் சுவரை முகர்ந்து பார்த்தார். "எதைப் போட்டுத் தொடைச்சீங்க?"

அவள் பாட்டிலைக் காட்டினாள். அவர் உச்சுக் கொட்டினார்.

"ஐயோ, இதைப் போடவே கூடாதும்மா. மூத்திர வாடையும் இதுவும் ஒண்ணுதான். வேற எதுவோ வந்து தன் எடத்துல அடிச்சிட்டுப் போயிருக்குன்னு அது நெனச்சுக்கும். நீங்க தொடைக்கத் தொடைக்க, அது திரும்ப வந்து இன்னும் ஒசரத்துல அடிக்கும். இது என்னுதுன்னு."

நாற்பது நாள், தினம் இரண்டு வேளை. அவள் எதனுடனோ வம்புக்கு நின்றிருக்கிறாள். அதுவும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. 

விளக்கு நடைவழிக்குள் போனது. சுவரின் இரண்டு பக்கமும் கறைகள், பாப்பா தூங்கும் அறையை நோக்கி. அந்த அறைக் கதவின் நிலையில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அங்கே அவர் வட்டம் போடவில்லை.

"மருந்து கீழ வண்டியில இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். விளக்கை அவள் கையில் திணித்தார். வாசல் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு இறங்கினார். படிகளில் செருப்புச் சத்தம் வேகமாயிற்று. அப்புறம் வண்டி கிளம்புகிற சத்தம்.

அவள் அறைக்குள் போனாள். மதியத் தூக்கத்துக்காகத் திரைகள் மூடியே இருந்தன. பாப்பா வாயால் மூச்சு விட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். விளக்கைக் காட்டினாள். கட்டில் கால். நான்கு கால்களும். மெத்தை விளிம்பு. தலையணை.

பாப்பாவின் தலைமுடி.

மின்னியது. தொட்டுப் பார்த்தாள். அடியில் காய்ந்து பிசுபிசுப்பு. மேலே ஈரம். வெதுவெதுப்பான ஈரம்.

இது என்னுது.

பழக்கதோஷத்தில் கை இடுப்பில் செருகியிருந்த துணியை உருவியது. பாப்பாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். நடைவழி. ஹால். வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே படிக்கட்டில் நல்ல வெயில். பத்தடி.

நின்றுவிட்டாள்.

வாசற்படியில் சொட்டிக்கொண்டிருந்தது. திறந்த வாசலின் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து. சொட்டு. சொட்டு. பிறகு தாரையாக. கோடு ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நீண்டது. அதிலிருந்து ஆவி எழும்பியது.

கத்த நினைத்தாள். யாரைக் கூப்பிட?

வாடை பின்னால் வந்து நின்றது. பிடரியில் சூடான காற்று. போயிற்று. மறுபடி வந்தது. அது முகர்ந்து பார்த்தது. அவளிடம் அம்மோனியா வாடை. விரல்களில், சேலையில், நாற்பது நாளாக.

"அம்மா" என்று தூக்கக் கலக்கத்தில் முனகிய பாப்பா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

உச்சந்தலையில் சூடாக விழுந்தது. வகிட்டில் இறங்கி, நெற்றியில் வழிந்து, இமையைத் தாண்டி உதட்டு ஓரத்துக்கு வந்தது. துணி அவள் கையில்தான் இருந்தது.

அவள் துடைக்கவில்லை.