தேய்ந்துபோன நாலாம் வகுப்பு

“இருபத்தெட்டு!” என்றார் தேவமணி டீச்சர்.

கம்பியை விட்டுக் கீழே குதித்த கெசியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இருபத்தெட்டா? சரியாப் பாத்தியளா டீச்சர்?”

டீச்சர் கையிலிருந்த சங்கிலிக் கடிகாரத்தை மறுபடியும் பார்த்தார். “இருபத்தெட்டு விநாடிதான் கெசியா.”

அது 1912-ஆம் வருடம். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில், செவ்வரளிக்குளம் என்ற சின்ன ஊர். அங்கே மிஷன் பெண்கள் பள்ளியின் முற்றத்தில் இரண்டு பனங்கட்டைகளை நட்டு, குறுக்கே ஓர் இரும்புக் கம்பியைப் பொருத்தியிருந்தார்கள். தை மாதம் பிறந்தால் ஒவ்வொரு பிள்ளையும் அதைப் பிடித்துத் தொங்க வேண்டும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறாள் என்பதை ஒரு பச்சை நோட்டில் எழுதி வைப்பார்கள்.

ஒன்றாம் வகுப்பில் கெசியா பன்னிரண்டு. இரண்டாம் வகுப்பில் இருபது. மூன்றாம் வகுப்பில் முப்பத்தொன்று. இந்த வருடம் நாற்பதைத் தொட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள். இருபத்தெட்டு என்றால்?

“அடுத்து கோமு!”

கெசியாவின் உயிர்த்தோழி கோமு பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினாள். போன வருடம் அவளுக்கு இருபத்தாறு. இப்போது இருபத்துமூன்றுதான் வந்தது.

லில்லிக்கும் குறைந்தது. சபீதாவுக்கும் குறைந்தது. ஒருத்தி பாக்கியில்லாமல் நாலாம் வகுப்பு முழுவதற்கும் குறைந்தது! டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் அந்தப் பள்ளிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குமுன் இருந்த வேதமுத்து வாத்தியார் கண்பார்வை மங்கியதால் ஓய்வு பெற்றுவிட்டார்.

மறுநாள் காலையில் மணி அடிப்பதற்குள் கோமுவின் அம்மா பிரம்மநாயகி பள்ளிக்கு வந்து நின்றார்.

“பொம்பளப் பிள்ளையளக் கம்பியில தொங்கவிட்டா தேயாம என்ன செய்யும்? வருசத்துக்கு வருசம் வளர வேண்டிய பிள்ள தேஞ்சுக்கிட்டு வருது! அந்தக் கம்பியப் பிடுங்குங்க. இல்லன்னா எம்பிள்ளைய இனிமே அனுப்ப மாட்டேன்!”

அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து அம்மாக்கள் தலையாட்டினார்கள். பள்ளி மேலாளர் ஞானையா மிரண்டுபோனார்.

“வெள்ளிக்கிழமை ஆளோட வாரேம்மா. கம்பியப் பிடுங்கிரலாம். ஓட்டம், குதி எல்லாத்தையும் நிறுத்திரலாம்” என்றார்.

தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கெசியா கோமுவைத் திரும்பிப் பார்த்தாள். ஓட்டமும் இல்லையா?

அன்று மத்தியானம் கிணற்றடியில் கோமு அழுதாள். “ஏட்டி, நாம நெசமாவே தேஞ்சுட்டமா?”

கெசியா தன் பாவாடையைப் பார்த்தாள். போன தையில் கணுக்காலை மறைத்த பாவாடை இப்போது முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்தான் இறங்கியிருந்தது. கிணற்று வாளியைப் பார்த்தாள். போன வருடம் இரண்டு பேர் சேர்ந்து இழுத்த வாளி. இப்போது கோமு அழுதுகொண்டே அதைத் தனியாக இழுத்துவிட்டாள்!

“தேஞ்சவ எப்படிட்டி வாளிய ஒத்தையில இழுப்பா?” என்றாள் கெசியா. “இதுல என்னமோ இருக்கு.”

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் நேராக வேதமுத்து வாத்தியார் வீட்டுக்குப் போனாள். வாத்தியார் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். சங்கதியைக் கேட்டதும் வைக்கோல் கையிலிருந்து நழுவியது.

“குறைஞ்சுட்டா? எம்பிள்ளையளுக்கா? இருக்கவே இருக்காது! இங்கன வா. இந்தத் தொழுவத்துக் கட்டையப் பிடிச்சுத் தொங்கு. நான் எண்ணுதேன்.”

கெசியா எம்பித் தாழ்வான குறுக்குக் கட்டையைப் பிடித்தாள்.

“ஒண்ணு-ரெண்டு-மூணு-நாலு-அஞ்சு...”

கை எரிந்தது. விரல் நழுவியது. கீழே விழுந்தாள்.

“நாப்பத்திரண்டு!” என்று கத்தினார் வாத்தியார். “பாத்தியா? அந்தக் கடிகாரம் பொய் சொல்லுது!”

கெசியா விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை இருபத்தெட்டு, வியாழக்கிழமை நாற்பத்திரண்டு! இரண்டு நாளில் யார் இப்படி வளர முடியும்?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாத்தியார் எண்ணிய வேகம்! மூன்று வருடமாகக் கடிகாரம் இல்லாமல் வாயாலேயே இப்படித்தான் எண்ணியிருக்கிறார். கண்ணை இறுக மூடிக்கொண்டு தொங்குகிற பிள்ளைகளுக்கு அந்த வேகம் எங்கே தெரியும்? வாத்தியாரின் ஒன்றரை எண்ணிக்கைதான் டீச்சரின் ஒரு விநாடி.

‘ஐயா, நீங்க வேகமா எண்ணிட்டிய’ என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வாத்தியார் அவ்வளவு சந்தோஷமாக நின்றார். அத்தனை பிள்ளைகளையும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொங்கப் பழக்கியவர் அவர்தான். கெசியா வாயை மூடிக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

“ஐயா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து எங்களுக்கு எண்ணுவியளா?”

“எண்ணாம!” என்றார் வாத்தியார்.

வெள்ளிக்கிழமை ஞானையா மண்வெட்டி ஆளோடு வந்தார். பிரம்மநாயகியும் மற்ற அம்மாக்களும் வந்திருந்தார்கள். ஆள் பனங்கட்டையின் அடியில் முதல் வெட்டு வெட்டினான்.

“ஐயா, பொறுங்க!” கெசியா ஓடிவந்து கட்டையைக் கட்டிக்கொண்டாள். “கடைசியா ஒரே ஒரு தடவை தொங்கிக்கிடுதோம். வாத்தியாரையா வாயால எண்ணட்டும். டீச்சர் கடிகாரத்தப் பாக்கட்டும். ரெண்டு பேரும் ஒண்ணா!”

ஞானையா பிரம்மநாயகியைப் பார்த்தார். “கடைசித் தடவதான, தொங்கட்டும்” என்றார் பிரம்மநாயகி.

கோமு தொங்கினாள். வாத்தியார் சத்தமாக எண்ணினார். டீச்சர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோமு குதித்தாள்.

“முப்பத்திநாலு!” என்றார் வாத்தியார்.

“இருபத்துமூணு” என்றார் டீச்சர்.

மண்வெட்டி ஆளின் வாய்கூடத் திறந்தபடி நின்றது.

“ஒரே தொங்கல்தான! இதுல யாரு சொன்னது சரி?” என்றார் ஞானையா.

வாத்தியாரின் முகம் மெல்லச் சுருங்கியது. அவருக்கு விஷயம் புரியத் தொடங்கிவிட்டது. கெசியா அவசரமாகக் குறுக்கே புகுந்தாள்.

“ரெண்டும் சரிதான்யா! வாத்தியாரையா சாண்ல அளந்தாவ. டீச்சர் முழத்துல அளக்காவ. சாண் கணக்கையும் முழக் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல எழுதினா குறைஞ்ச மாதிரிதான் தெரியும். சாணுக்குச் சாண் வச்சுப் பாருங்க. கோமுவுக்குப் போன வருசம் இருபத்தாறு. இப்பம் முப்பத்திநாலு!”

டீச்சர் பச்சை நோட்டைப் பிடுங்காத குறையாக எடுத்துப் புரட்டினார். லில்லி தொங்கினாள், வாத்தியார் கணக்கில் போன வருடத்து நாற்பது ஐம்பத்திரண்டாயிற்று. சபீதா தொங்கினாள், அவளுக்கும் ஏறியிருந்தது. ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோருக்கும் ஏறியிருந்தது!

“ஏ அம்மா!” என்று வாயில் கைவைத்தார் பிரம்மநாயகி. “அப்பம் எம்பிள்ள தேயலியா?”

“வளந்திருக்காம்மா” என்றார் டீச்சர். அவர் கண் கலங்கியிருந்தது.

வேதமுத்து வாத்தியார் தலையைச் சொறிந்தார். “மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் எப்பவும் எண்ணுவேன். பசி அவசரம், அதுவே பழகிப்போச்சு!” என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு கடிகாரத்தைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, “எவ்வளவு பைய நடக்குது!” என்று வியந்தார்.

ஞானையா மண்வெட்டி ஆளிடம், “வெட்டுன குழிய மூடி நல்லா மிதிச்சுட்டுப் போவே” என்றார்.

எல்லோரும் கலைந்த பிறகு கெசியாவும் கோமுவும் மறந்துவிட்டுப்போன புத்தகத்தை எடுக்க முற்றத்துக்கு வந்தார்கள்.

கம்பிக்குக் கீழே பிரம்மநாயகி நின்றுகொண்டிருந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகினார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். பிள்ளைகளைக் கண்டதும் ஒரு நொடி திகைத்தார். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

“என்னட்டி பாக்கிய? எண்ணுங்க!” என்று சொல்லிவிட்டுத் தரையிலிருந்து காலை எடுத்தார்.