காப்பாளருக்கு ஒரு காப்பாளர்

இளமைத் தொட்டியிலிருந்து எழுந்த செலஸ்டின் வழக்கம்போல மீசையைத் தடவினார். மீசை இல்லை. முப்பது வயது போதுமென்றுதான் இறங்கினார். வெதுவெதுப்பில் அசந்து தூங்கிவிட்டார். கண்ணாடியில் ஒரு விடலைப் பையன் திருதிருவென விழித்தான்.

சனிக்கோள் பயணத்துக்குக் கிளம்பும்போது அவருடைய அக்கா, தூத்துக்குடிக் கடலடியிலிருந்த தன் பவளத் தோட்டத்தை மகள் ஜெனோவாவுக்காக அவரிடம் ஒப்படைத்திருந்தார். பிள்ளை மேஜராகும்வரை செலஸ்டின்தான் காப்பாளர். வெளுத்துக் கிடந்த பவளத்தை அவர் முங்கி முங்கியே செழிக்க வைத்தார். மூட்டுதான் தேய்ந்துபோனது. இன்று ஜெனோவாவுக்குப் பதினெட்டு. தோட்டத்தைக் கொடுத்த கையோடு அவளோடு சேர்ந்து முங்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தக் குளியல்.

பதிவகத்தில் ஜெனோவா வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமா, நீங்களா?"

"நாந்தான் பிள்ள. சிரிக்காத." குரல் கீச்சிட்டது. அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

எழுபது வயதுக்காரர்கள் இருபதாகத் திரியும் காலம். பிறந்த தேதியைச் சட்டம் கேட்பதில்லை, எலும்பைத்தான் கேட்கும். வயதுமானி செலஸ்டினின் மணிக்கட்டைப் பற்றியது. "பதினாறு. மைனரால் சொத்தை மாற்றித் தர இயலாது."

பதிவாளர் அம்மா பதறினார். "காப்பாளரே மைனராயிட்டா சொத்து அரசாங்கத்துக்குல்லா போயிரும்! உங்க சொந்தத்துல மேஜர் யாரும் இல்லையா?"

செலஸ்டின் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கல்யாணம் கட்டாதவர், இருந்த ஒரே அக்காவும் வானத்தில். அக்கா திரும்பி வந்து கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது?

ஜெனோவா கையை நீட்டினாள். "என்னையப் பாருங்க."

"பதினெட்டு. மேஜர்," என்றது வயதுமானி.

பதிவாளர் அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப நீதாம்மா இவருக்குக் காப்பாளர்!"

ஜெனோவா முதலில் மாமாவுக்குப் பொறுப்பேற்றாள். பிறகு மாமாவின் சார்பில் தோட்டத்தைத் தனக்கே மாற்றிக் கொடுத்தாள். செலஸ்டின் துள்ளிக் குதித்தார்.

"வா பிள்ள, எம் படகுலயே போவோம்!"

"படகும் வீடும் இனி ரெண்டு வருஷம் எம் பொறுப்பு மாமா," என்று சாவியை வாங்கிக்கொண்டாள் ஜெனோவா. "இன்னிக்கு ஆசதீர முங்குங்க. திங்கக்கிழம பள்ளிக்கூடம். மைனருக்கு அது கட்டாயமாம்; பதினொண்ணாப்புல சேத்தாச்சு."

செலஸ்டின் இல்லாத மீசையைத் தடவினார்.

"கணக்குப் பாடம் உண்டா பிள்ள?"